கள்ளிமேட்டுப் புதுத் தார்

அந்தக் கப்பைத்தானுங்களே பாக்கறீங்க? வர்றவங்க எல்லாரும் அதைத்தான் பாக்கறாங்க. உக்காருங்க. உங்க மோட்டாருக்குக் காயில் கட்டி, இப்பத்தான் வார்னிஷ் ஊத்தி வெயில்ல வெச்சிருக்குது, காயறதுக்குச் சித்த நேரமாகும். டீ சொல்லியிருக்கறேன்.

கப்புல ரெண்டு பேரு வெட்டியிருக்குதுங்களா? மேல இருக்கறது மரகதம், என் சம்சாரம். கீழ நஞ்சப்பன், அது நானு. கார் ரேஸ்ல ரெண்டாவது பரிசு. மேல இருக்கற பேரைப் படிச்சுப்போட்டு எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க. அதுல ஒண்ணும் இல்லீங்க. இங்கிலீஸ் எழுத்து வரிசையில அவ எழுத்து முன்னால வருது. கிளப்புல கேட்டுட்டேன், அப்படித்தான்னு சொன்னாங்க.

ரேஸ்னா டிவியில பாக்கறதாட்டம் நெனச்சுக்காதீங்க. பல்லடத்துக்கு அக்கட்டால கள்ளிமேடுன்னு ஒரு இடம், அங்க எங்க கிளப்புக்கு ஒரு ட்ராக் இருக்குது. என்னையாட்டப் பட்டறைக்காரங்க, மில்லுக்காரங்க, ஒரு பல் டாக்டர், இப்படி ஆளுக்கொரு பழைய காரை வாங்கி, பின் சீட்டைக் கழட்டிப்போட்டு, உள்ள இரும்புக் குழாய்ல கூண்டு கட்டி ஓட்டுவோம். வருசத்துக்கு ஒருக்காப் பெரிய போட்டி. ஒரு மணி நேரம். காருக்கு ரெண்டு பேரு. பாதி நேரம் ஒருத்தரு ஓட்டோணும், மீதி நேரம் இன்னொருத்தரு.

பழைய ட்ராக்கு எனக்கு உள்ளங்கையாட்டம். சும்மா சொல்லலீங்க. நேர் ரோடு முடியற இடத்துல ஒரு ஒட்டு இருந்துச்சு. எந்தக் காலத்துலயோ குழி விழுந்து, அது மேல தாரை ஊத்தி மூடினது. பாத்தா எருமை படுத்திருக்கறாப்பலயே இருக்கும். தலை, முதுகு, வாலு எல்லாமே உண்டு. எருமை வால்ல முன் சக்கரம் ஏறுச்சுன்னா பிரேக்கு. அப்பறம் ரெண்டாவது திருப்பத்துக்கு முன்னால ஒரு சின்ன மேடு. சீட்டுக்கு அடியில டொக்குன்னு ஒரு சத்தம் வரும். டொக்குன்னா ஸ்டியரிங்கைத் திருப்போணும். மூணாவது திருப்பத்துல நீளமா ஒரு வெடிப்பு. இடது சக்கரத்தை அதுல விட்டுட்டா அதுபாட்டுக்குக் கொண்டுபோயி மறுபக்கம் விட்டுரும். மூளைக்கு வேலையே இல்ல. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன்னு கிளப்புல சொல்லுவேன். ஒருத்தரும் கட்டிப் பாக்கல, அது வேற விசயம்.

வருசா வருசம் நான்தான் ஜெயிப்பேன். பல் டாக்டர் கிரிதரன் எனக்குப் பின்னாலயே வருவாரு. நல்ல மனுசன், ஆனா எருமை அவருக்குத் தெரியாது. ஒருக்கா எனக்குக் கடவாப் பல்லு புடுங்கறப்போ, வாயில கையை விட்டுக்கிட்டே, "நஞ்சப்பன், நேர் ரோடு முடிவுல எங்க பிரேக் புடிக்கறீங்க?"ன்னு கேட்டாரு. அந்த வலியிலயும் நான் சொல்லல.

போன வருசம் மழை கொஞ்சம் ஓவருங்க. ட்ராக்கு அங்கங்க பேந்துபோச்சு. நான் என் தங்கச்சி மகன் கல்யாணத்துக்குன்னு திருச்சிப் பக்கம் போயிருந்தேன். திரும்பி வந்தா, கிளப்புல முழுசாத் தார் போட்டுட்டாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. மொத நாள் ப்ராக்டீஸுக்குப் போனேன். போயிப் பாத்தா கரேல்னு கெடக்குது, பட்டுச் சேலையை விரிச்சுப் போட்டாப்பல. எல்லாரும் ஆகா ஓகோன்னு சொல்றாங்க.

வண்டியை எடுத்தேன். நேர் ரோட்டுல போறேன், போறேன், எருமையைக் காணோம். பயத்துல சீக்கிரமே பிரேக்கைப் புடிச்சுட்டேன். டாக்டர் பக்கத்துல சர்ருனு தாண்டிப் போறாரு. போறப்போ கையைக் காட்டிட்டு வேற போறாரு. சரி, அடுத்த சுத்துல பாத்துக்கலாம்னு ரெண்டாவது திருப்பத்துக்கு வந்தேன். டொக்குன்னு சத்தம் வரட்டும், திருப்பலாம்னு காத்திருந்தேன். வரலீங்க. வரும் வரும்னு பாத்துக்கிட்டே நேராப் புல்லுக்குள்ள போயிட்டேன்.

யூசுப்புன்னு நம்ம மெக்கானிக், ஓடியாந்து, "அண்ணா, என்னாச்சு, ஸ்டியரிங் புடிச்சுக்கிச்சா?"ன்னான்.

"சத்தம் வரலடா"ன்னேன்.

அவன் பானெட்டைத் திறந்துட்டான். எஞ்சின்ல சத்தம் வரலன்னு நெனச்சுக்கிட்டான், பாவம்.

நான் நேரா கிளப் செயலாளர்கிட்டப் போனேன். தார் போட்ட காண்ட்ராக்டரும் அங்கயே உக்காந்து வடை தின்னுக்கிட்டு இருந்தான். "வேலை நல்லாத்தான் இருக்குதுங்க, ஆனா சிலது விட்டுப்போச்சு"ன்னேன்.

"என்ன விட்டுப்போச்சு?"ன்னாரு செயலாளர்.

"நேர் ரோடு முடிவுல ஒரு ஒட்டு. ரெண்டாவதுக்கு முன்னால ஒரு மேடு. மூணாவதுல வெடிப்பு. அதை மட்டும் இருந்தாப்பலயே வெச்சுக் குடுத்துரச் சொல்லுங்க."

காண்ட்ராக்டர் வடையைக் கீழ வெச்சான். "அண்ணா, குழியை மூடிக் குடுன்னுதான் ஊரெல்லாம் கேக்கறாங்க. குழி போட்டுக் குடுன்னு கேட்ட மொத ஆளு நீங்கதானுங்க."

"குழி கேக்கலப்பா. குழியை மூடின ஒட்டைக் கேக்கறேன்."

"ஒட்டு வேணும்னா மொதல்ல குழி வேணுமுங்களே."

அவன் சொன்னதுலயும் ஒரு நாயம் இருந்துச்சு. எனக்கு இன்னைக்கும் ஒரு சந்தேகம் உண்டு, அந்த ஆளு டாக்டர்கிட்டத்தான் பல்லுக் கட்டியிருக்கறான். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லலீங்க.

இது போதாதுன்னு எங்கூட ஓட்டற பங்காளி முதுகு புடிச்சுப் படுத்துட்டான். போட்டிக்குப் பத்துப் பதினஞ்சு நாள்தான். யாரைச் சேக்கறது? ஓட்டத் தெரிஞ்சவன் எவனா இருந்தாலும் எனக்கே சொல்லித்தர ஆரம்பிச்சுருவான். சொன்ன பேச்சைக் கேக்கற ஆளா வேணும். அப்பத்தான் மரகதம் ஞாபகம் வந்துச்சு. கிளப்புக்குள்ள நடக்கற போட்டிதானுங்களே, ப்ராக்டீஸ்ல ஓட்டிக்காட்டி கிளப்புக்காரங்க சரின்னு சொன்னாப் போதும், யாரு வேணா ஓட்டலாம்.

அவளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்குடுத்ததே நான்தானுங்க, கல்யாணமான புதுசுல. அவ அம்மா ஊடு வால்பாறை. மாசத்துக்கு ஒருக்கா அந்த நாப்பது கொண்டை ஊசி வளைவுலயும் அவதான் ஓட்டிக்கிட்டுப் போவா, மழையோ மஞ்சோ. நான் அந்த ரோட்டுல ஓட்டறதில்ல. பக்கத்து சீட்டுலயும் எனக்கு ஒத்துக்காது, ஆழியாறு தாண்டுனாலே வயித்தைப் பொரட்டும். அந்த ரோட்டை ஒழுங்காப் போடல, அதுதான் காரணம்.

"ஏம்மிணி, எங்கூட ரேஸ் ஓட்டறியா?"ன்னேன்.

துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. "ஜெயிக்கோணுமுங்களா, சும்மா ஓட்டுனாப் போதுமுங்களா?"ன்னா.

"நீ சும்மா ஓட்டு, ஜெயிக்கறதை நான் பாத்துக்கறேன்."

"சரிங்க"ன்னு சொல்லிப்போட்டு மறுபடி துணியை மடிச்சா.

அடுத்த ப்ராக்டீஸுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். வந்த உடனே காருல ஏறுவான்னு பாத்தா, குடையைப் புடிச்சுக்கிட்டு ட்ராக்குல நடக்கறா. எல்லாரும் பாக்கறாங்க. எனக்கு மானம் போகுது. சந்தைக்குப் போனவளாட்டம் அங்கங்க நின்னு, குனிஞ்சு, செருப்புக் காலால தேச்சுப் பாத்துக்கிட்டு வர்றா. சுத்தி வந்து எங்கிட்டக் கேக்கறா, "ஏனுங்க, மூணாவது திருப்பத்துல ரோடு உள்பக்கமாச் சாஞ்சிருக்குதுங்களே, தண்ணி அங்கதானுங்களே வந்து நிக்கும்?"

"தண்ணிக்கும் நமக்கும் என்ன? அங்க இடது சக்கரத்தை வெடிப்புல விடோணும்."

"வெடிப்பு எங்கிங்க?"

"இப்ப இல்ல. இருந்துச்சு."

சரின்னு தலையாட்டுனா. அதுதான் அவகிட்ட நல்ல குணம்.

ஏறி ஓட்டுனா பாருங்க, மெதுவா. அய்யோ, அவ்வளவு மெதுவா. டாக்டர் ரெண்டு தடவை அவளைத் தாண்டுனாரு. வந்து நிறுத்துனவளை, "இது ரேஸு அம்மிணி, கோயிலுக்குப் போகலை நாம"ன்னேன். அவ சொல்றா, "எனக்கு எல்லாம் ஒண்ணா வராதுங்க. ஒரு சுத்துக்கு ஒரு திருப்பத்தைப் பாத்துக்கறேன்." அப்பறம் பாத்தா, ஒரு சுத்துல மொதத் திருப்பத்துல மட்டும் கொஞ்சம் வேகமாப் போறா, மத்ததுல மெதுவா. அடுத்த சுத்துல ரெண்டாவதுல மட்டும். இப்படி எங்காவது ரேஸ் ஓட்டுவாங்களா? யாருகிட்ட வேணாலும் கேட்டுப் பாருங்க.

இது ஆகாது, பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுத்தாத்தான் ஆகும்னு நானும் ஏறிட்டேன். நேர் ரோட்டுல போறா.

"பிரேக்கு"ன்னேன்.

"இங்கயேவாங்க?"

"எருமை அம்மிணி, எருமை."

"எங்கிங்க எருமை?"ன்னு ரெண்டு பக்கமும் பாத்தா. பாத்துட்டு, பிரேக்கே புடிக்காம இன்னும் கொஞ்ச தூரம் போயி, அப்பறமா புடிச்சுத் திருப்புனா. நான் என் பக்கம் தரையை மிதிச்ச மிதியில பாதம் வீங்கிப்போச்சு. நாலஞ்சு சுத்துல எனக்கு வாந்தி வந்துருச்சு. வெயிலுங்க. அன்னைக்கு வெயில் ஓவரு.

சாயங்காலம் யூசுப்பு கடிகாரத்தைக் கொண்டாந்து காட்டுனான். ஒரு சுத்துக்கு அவ நேரமும் என் நேரமும் கிட்டத்தட்ட ஒண்ணு. "கடிகாரம் மெதுவா ஓடுதுடா"ன்னேன்.

"அண்ணா, உங்களுக்கும் இதே கடிகாரந்தானுங்க"ன்னான்.

அன்னைக்கு ஊட்டுக்கு வந்து சோறு எறங்கல. மரகதம், "காரம் ஜாஸ்திங்களா?"ன்னு கேட்டா. ஆமான்னு சொல்லிப்போட்டேன்.

போட்டிக்கு மொத நாள் எனக்கு ஒரு ரோசனை வந்துச்சு. எருமை போனா என்ன, வேற அடையாளம் வெச்சுக்கலாமுல்ல? நேர் ரோடு முடியற இடத்துல, கம்பி வேலிக்கு வெளிய ஒருத்தன் தள்ளுவண்டியில எளநி வித்துக்கிட்டு இருந்தான். பச்சையா ஒரு குவியல், நல்லா எடுப்பாத் தெரியுது. எளநி வண்டி நேரா வந்துச்சுன்னா பிரேக்கு. ஓட்டிப் பாத்தேன். அச்சு அசலா எருமை வாலு. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. மரகதம் கவனிச்சுட்டா. "இப்ப நல்லாப் போறீங்களே, எதைப் பாத்து பிரேக் புடிக்கறீங்க?"ன்னா. "அதெல்லாம் அனுபவம் அம்மிணி"ன்னேன்.

போட்டி அன்னைக்கு மொதப் பாதி நானு. எடுத்த எடுப்புல மூணாவதா இருந்தேன். எளநி வண்டி, பிரேக்கு, திருப்பு. எளநி வண்டி, பிரேக்கு, திருப்பு. அப்பறம் ஒரு அதிசயம் நடந்துச்சுங்க. ஒவ்வொரு சுத்துக்கும் நான் இன்னும் இன்னும் வேகமாப் போறேன். யூசுப்பு பலகையில நேரத்தை எழுதிக் காட்டறான், ஒண்ணை விட ஒண்ணு குறைஞ்சுக்கிட்டே வருது. டாக்டர் வண்டியைப் புடிச்சுத் தாண்டிட்டேன், அப்ப அதை அவரு கூட்டாளி ஓட்டிக்கிட்டு இருந்தான். எனக்கே புல்லரிச்சுப்போச்சு. இந்த வயசுல இப்படி ஒரு வேகம் உள்ள இருந்திருக்குது பாருன்னு நெனச்சுக்கிட்டேன்.

நடந்தது என்னன்னா, அந்த எளநிக்காரன் ஏவாரத்துக்காக வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமா முன்னால தள்ளிக்கிட்டே இருந்திருக்கறான். கூட்டம் திருப்பத்துப் பக்கமா நிக்குதுன்னு. அவன் தள்ளத் தள்ள நானும் தள்ளித் தள்ளிப் பிரேக் புடிச்சிருக்கறேன். கடைசியா ஒரு சுத்து, வந்து பாக்கறேன், வண்டியே இல்ல. வெளியேறுற கேட்டுக்கே தள்ளிக்கிட்டுப் போயிட்டான். எங்கடா வண்டின்னு தேடிக்கிட்டே போயி, திருப்பத்துக்கு வெளிய கொட்டி வெச்சிருக்கற மணல்ல விழுந்தேன். பாதிக் கதவு வரைக்கும் மணல்.

ஏவாரம்னா ஒரு இடம் வேண்டாமுங்களா? கண்ட பக்கம் தள்ளிக்கிட்டுத் திரிஞ்சா வாடிக்கை எப்படி நிக்கும்? நான் அப்பறமா அவனைப் புடிச்சுக் கேட்டேன். "எனக்குத் தெரியாதுங்க, நீங்க முன்னாலயே சொல்லியிருந்தா நின்னிருப்பனே"ன்னான்.

டிராக்டர் விட்டு இழுத்துப் போட்டாங்க. ஆள் மாத்தறதுக்கு வண்டியை நிறுத்தற பிட்டுக்கு நான் கொண்டாந்து சேத்தப்போ கடைசிக்கு முந்தின வண்டி எங்களுது. கழுத்து வேற புடிச்சுக்கிச்சு. மரகதம் ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டு ரெடியா நிக்கறா. ஏறி உக்காந்து, சீட்டை முன்னால இழுத்து, கண்ணாடியைத் திருப்பி வெச்சு, பொடவைக் கடைக்குப் போறவளாட்டம் நிதானமாப் பெல்ட்டை மாட்டறா. நான் சன்னல்கிட்டக் குனிஞ்சு, "எளநி வண்டியை மட்டும் நம்பாதே"ன்னேன்.

"எந்த எளநி வண்டிங்க?"ன்னா. அதுக்குள்ள யூசுப்பு போகலாம்னு வண்டிக் கூரையைத் தட்டிட்டான், போயிட்டா.

அவ போன கையோட மழை புடிச்சுக்கிச்சு. பெருமழை இல்ல, பொசுபொசுன்னு தூறல். புதுத் தாருல தூறல் விழுந்தா என்ன ஆகும்? எண்ணெயாட்டம் வழுக்குது. மில்லுக்காரரு வண்டி சுத்திக்கிட்டுப் போயி மணல்ல நிக்குது. அதுக்குப் பின்னால இன்னொண்ணு. எல்லாரும் வெயில்லயே ஓட்டிப் பழகுனவங்க. இவ மட்டும் அதே நிதானத்துல வந்துக்கிட்டே இருக்கறா. முன்னால போறவங்க ஒவ்வொருத்தரா வழுக்கிக்கிட்டு ஒதுங்க, இவ தாண்டிக்கிட்டே வர்றா.

நான் பிட்டுச் சுவத்துக்கிட்ட நின்னேன். அந்த அரை மணி நேரம் எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலீங்க. கைக்கு ஒரு வேலை இல்ல. யூசுப்பு பலகையை அவளுக்குக் காட்டறான். எல்லாரும் அவளைப் பாக்கறாங்க. ஒருத்தன் எங்கிட்ட வந்து, "இந்த நாலாம் நம்பர் வண்டியில போறது யாருங்க?"ன்னு கேட்டான். என் வண்டிங்க அது. நான் வாங்கி, நான் கூண்டு கட்டி, நான் நம்பர் எழுதுனது. "என் சம்சாரம்"ன்னேன். அவன் என் கையைப் புடிச்சுக் குலுக்கிட்டுப் போனான். குலுக்குனது எதுக்குன்னு இன்னமும் யோசிச்சுக்கிட்டு இருக்கறேன்.

கடைசிச் சுத்து. டாக்டர் முன்னால, இவ பின்னாலயே. மூணாவது திருப்பம். டாக்டர் எப்பவும் போல உள்பக்கமா ஒட்டிப் போறாரு. அங்க தண்ணி தேங்கி நிக்குது. அவரு வண்டி பின்னால இழுத்துக்கிச்சு. மரகதம் வெளிப்பக்கம், மேடான பக்கமா, யாரும் போகாத வழியில போயி, அவரைத் தாண்டி வந்துட்டா. நான் மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னேன். எதையோ கத்துனேன்னு யூசுப்பு சொல்றான். எனக்கு ஞாபகம் இல்ல.

ரெண்டாவது பரிசு. மொதப் பரிசு பொள்ளாச்சிக்காரப் பசங்க ரெண்டு பேரு. அந்த வருசந்தான் கிளப்புல சேந்தவங்க. அவங்களுக்குப் பழைய ட்ராக்கே தெரியாது, பாவம். ஏதோ அதிர்ஷ்டம்.

டாக்டர் வந்தாரு. தோத்தாலும் சிரிக்கற மனுசன். மரகதத்துக்கிட்ட, "எப்படிங்க புது ட்ராக்கை இத்தனை சீக்கிரம் புடிச்சீங்க?"ன்னாரு. அவ ஹெல்மெட்டைக் கழட்டி, ஈரக் கூந்தலை முடிஞ்சுக்கிட்டே, "இவருதானுங்க சொல்லிக்குடுத்தாரு"ன்னு என்னைக் காட்டுனா. டாக்டர் என்னைப் பாத்தாரு. நான் மணலைத் தட்டி விட்டுக்கிட்டு இருந்தேன். அவ பொய் சொல்ற ஆளில்லீங்க. அதனால நானும் மறுக்கல.

திரும்பி வர்றப்போ சொந்தக் காரை அவதான் ஓட்டுனா, எனக்குத்தான் கழுத்து புடிச்சிருந்துச்சே. கப்பை மடியில வெச்சுக்கிட்டு நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். சூலூர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. அப்ப அவ கேக்கறா, "ஏனுங்க, அந்த எருமை எங்கிங்க இருந்துச்சு? எனக்குச் சரியாச் சொல்லவே இல்லீங்களே."

"அது எதுக்கு இப்ப? அதுதான் போச்சே."

"சொல்லுங்க. நான் பழைய ட்ராக்குல ஓட்டவே இல்லியே."

சரி, தெரிஞ்சுக்கட்டும்னு ஆரம்பிச்சேன். எருமைத் தலை எந்தப் பக்கம், வாலு எந்தப் பக்கம், மழை பேஞ்சா அது மட்டும் எப்படி மின்னும், டொக்குன்னு சத்தம் சீட்டுல எந்த இடத்துல வரும், எல்லாம் சொன்னேன். அவ ரொம்ப மெதுவா ஓட்டிக்கிட்டு, உம் உம்னு கேட்டுக்கிட்டு வந்தா. யாரும் எங்கிட்ட இதைக் கேட்டதில்லீங்க. டாக்டர் கேட்டாரு, ஆனா அது வேற மாதிரி. எங்க ஊடு ஒண்டிப்புதூரு, மெயின் ரோட்டுல இருந்து ஒரு சந்துல திரும்போணும். சந்து வந்துச்சு, நேராப் போயிட்டா. நான் மூணாவது திருப்பத்து வெடிப்புல இருந்தேன், கவனிக்கல. சிங்காநல்லூரும் போச்சு. சுங்கத்துல சிக்னல் விழுந்தப்பத்தான் வெளிய பாத்தேன்.

"ஏம்மிணி, ஊட்டைத் தாண்டி எங்க போயிக்கிட்டு இருக்கறே?"

"அட, பாக்கலீங்க. இங்கயே திருப்பிக்கலாம். நீங்க சொல்லுங்க, வெடிப்பு முடிஞ்ச பிற்பாடு என்ன பண்ணுவீங்க?"

பாத்துக்கங்க. ட்ராக்கை என்னமோ புடிச்சுட்டா, நான் இல்லீன்னு சொல்லல. ஆனா கல்யாணமான நாள்ல இருந்து குடியிருக்கற ஊட்டுக்கு வழி தெரியல. அவளுக்கு நான் சொல்லிக்குடுக்க வேண்டியது இன்னும் எவ்வளவோ இருக்குதுங்க.